பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மாடல் விமானம்: இறக்கைச் சுமையைக் கணக்கிடும் முறை

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் வட்டாரத்தில் மாடல் விமானம் செய்ய ஆரம்பிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இணையத்தில் கிடைத்த ஏதாவது ஒரு வரைபடத்தை இறக்கி, ஃபோம் போர்டு வாங்கி, க்ளூ கன்னைச் சூடேற்றி வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். விமானம் பார்க்க அழகாகத்தான் வருகிறது. கடலை பிடுங்கிய காட்டுக்குக் கொண்டுபோய் எறிகிறார்கள். ஒன்று, கையை விட்டதுமே மூக்குக் குத்தி விழுகிறது. இல்லையென்றால் மேலே ஏறி, காற்றை எதிர்க்க முடியாமல் பின்னாலேயே நகர்ந்து, யாரோ ஒருவர் தென்னந்தோப்பில் மட்டைக்கு நடுவே போய் மாட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒரே எண்தான். முதல் விமானத்தில் அது கூடிப்போனது, இரண்டாவதில் குறைந்துபோனது. அந்த எண்ணுக்குப் பெயர் இறக்கைச் சுமை.

நம் ஊருக்கு இந்தக் கணக்கு மற்ற ஊர்களைவிட அவசியம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் மலைத்தொடரே அறுந்து கிடக்கிற இடம் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று இந்த வாசல் வழியாக நெருக்கிக்கொண்டு கிழக்கே வரும். கார்த்திகை, மார்கழியில் அதே வாசலில் காற்று திரும்பி, கிழக்கிலிருந்து மேற்கே வீசும். மலையாளத்தில் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் 225 கிலோவாட் காற்றாலைகள் ஒன்பதை நிறுத்தியதும், எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் கிணத்துக்கடவு, உடுமலை வரை காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், எங்கோ காற்றில்லாத பூங்காவுக்காக வரைந்த விமானத்தை அப்படியே செய்தால் சரிவராது. வரைபடத்தில் போட்டிருக்கும் எடையையும் இறக்கையையும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

இறக்கைச் சுமை என்றால் என்ன

விமானத்தின் மொத்த எடையை இறக்கையின் பரப்பளவால் வகுத்தால் வருவது இறக்கைச் சுமை. சேற்று வயலில் ஒரே பாரம் ஏற்றிய இரண்டு வண்டிகளில் குறுகலான சக்கரம் உள்ளது புதையும், அகலச் சக்கரம் உள்ளது ஓடும். சக்கரத்தின் ஒவ்வொரு சாணும் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதுதான் அங்கே விஷயம். இங்கேயும் அதேதான்: இறக்கையின் ஒவ்வொரு துண்டும் எத்தனை கிராமைத் தூக்க வேண்டும் என்பதைத்தான் கேட்கிறோம்.

மாடல் விமானக்காரர்கள் இதை ஒரு சதுர டெசிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். ஒரு டெசிமீட்டர் 10 செ.மீ. ஆகவே சதுர டெசிமீட்டர் என்பது பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள சதுரம், 100 சதுர செ.மீ. அமெரிக்க வரைபடங்களில் சதுர அடிக்கு இத்தனை அவுன்ஸ் என்று இருக்கும். அந்த எண்ணை 3.05 ஆல் பெருக்கினால் நம் அளவு கிடைத்துவிடும். அங்கே 10 என்றிருந்தால் நமக்கு 30.5.

படி 1: எடை போடுங்கள், முழுதாக

பறக்கும்போது என்னென்ன விமானத்தில் இருக்குமோ அத்தனையும் வைத்து எடை போட வேண்டும். பேட்டரி, புரொப்பெல்லர், சக்கரம், இறக்கையைக் கட்டும் ரப்பர் பேண்ட், கேமரா வைப்பதாக இருந்தால் அதுவும். பேட்டரி இல்லாமல் எடை போட்டுவிட்டு நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. சின்ன விமானத்தில் மொத்த எடையில் நாலில் ஒரு பங்கு பேட்டரியிலேயே இருக்கும்.

சமையலறை டிஜிட்டல் தராசு 5 கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் வரை காட்டும், அதுவே போதும். விமானம் தட்டில் நிற்காவிட்டால் ஒரு வெற்று அட்டைப் பெட்டியைத் தட்டில் வைத்து, தராசைப் பூஜ்ஜியமாக்கி, அதன் மேல் விமானத்தை வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். இறக்கை என்பது காற்றைப் பிடிப்பதற்காகவே செய்தது, விசிறிக் காற்றுக்கே எண் ஆடும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விமானத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். உடலுக்கு மேலே இறக்கை வைத்த ஃபோம் போர்டு பயிற்சி விமானம். உடல், இறக்கை, பசை, டேப் எல்லாம் சேர்த்து 420 கிராம். 2212 அளவு மோட்டாரும் அதைப் பொருத்தும் தகடும் 55. புரொப்பெல்லர் 10. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. 25. வால், இறக்கைத் தட்டுகளை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோ நான்கு, 36. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் 15. மூன்று செல் 2200 எம்.ஏ.எச். (மின்சாரக் கொள்ளளவு) லிப்போ பேட்டரி 180. கம்பிக் கால், சக்கரம் 45. தள்ளுகம்பி, திருகு, சில்லறை எல்லாம் 20. கூட்டினால் 806 கிராம். இதில் ஃபோம் வேலை 420, மற்றதெல்லாம் 386 என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பட்டியல் போட்டு எடை சேர்ப்பது, கட்டுவதற்கு முன்னால் திட்டமிட மட்டும். கட்டி முடித்த விமானத்தைத் தராசில் வைத்தே தீர வேண்டும். க்ளூ கன் பசை நாம் நினைப்பதைவிடக் கனம்.

படி 2: இறக்கையின் பரப்பளவு

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. முதலில் எதையெல்லாம் சேர்ப்பது என்று தெளிவாக்கிக்கொள்வோம்.

இறக்கையின் பின் விளிம்பில் அசையும் தட்டுகளான எய்லரான், ஃபிளாப் இரண்டும் இறக்கையில் சேர்த்தி. இறக்கை விமான உடலுக்கு நடுவே மறைந்து போகிற பகுதியையும் சேர்த்துத்தான் அளப்பது வழக்கம். இடது முனையிலிருந்து வலது முனை வரை ஒரே இறக்கையாக நினைத்துக்கொள்ளுங்கள். வாலைச் சேர்க்கக் கூடாது. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டி விதிகளில் வாலின் கிடைமட்டப் பரப்பையும் சேர்த்து எண்ணுவார்கள், ஆனால் நாம் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் இறக்கைச் சுமையில் வால் வராது. இரட்டை இறக்கை விமானம் என்றால் இரண்டு இறக்கைகளையும் கூட்டலாம். ஒன்றின் காற்று மற்றதைக் கெடுப்பதால் கூட்டிய பரப்பு முழுவதும் வேலை செய்யும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நீள்சதுர இறக்கை எளிது. முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை உள்ளது அகலம், முனைக்கு முனை உள்ளது நீளம். நம் விமானத்தில் அகலம் 20 செ.மீ., நீளம் 120 செ.மீ. பெருக்கினால் 2400 சதுர செ.மீ. இதை 100 ஆல் வகுத்தால் 24 சதுர டெசிமீட்டர். 10 ஆல் வகுத்துவிடுகிற தவறுதான் அடிக்கடி நடக்கிறது. செ.மீ.யை டெசிமீட்டர் ஆக்க 10, சதுர செ.மீ.யைச் சதுர டெசிமீட்டர் ஆக்க 100. வரைபடம் மில்லிமீட்டரில் இருந்தால் பெருக்கி வந்ததை 10,000 ஆல் வகுக்க வேண்டும்.

முனைக்குப் போகப்போக ஒடுங்கும் இறக்கை, பள்ளியில் படித்த சரிவகம்தான். அடியில் 24 செ.மீ., முனையில் 16 செ.மீ. என்றால் சராசரி 20. அதை மொத்த நீளம் 120 ஆல் பெருக்குங்கள், அதே 2400 வரும். இறக்கை பின்னால் சாய்ந்திருந்தாலும் கணக்கு மாறாது, ஆனால் நீளத்தைச் சாய்ந்த விளிம்போடு அளக்காமல் முனைக்கு முனை நேராக அளக்க வேண்டும். நடுவில் நேராக இருந்து பிறகு ஒடுங்கும் இறக்கையை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து, தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்கள். முழு நீள்வட்ட இறக்கைக்கு நீளம் × நடு அகலம் × 0.785.

இதற்கெல்லாம் அடங்காத வடிவம் ஒன்று வந்தால் எனக்குப் பிடித்த வழி, அட்டையை நிறுத்துப் பார்ப்பது. மளிகைக் கடையில் கிடைக்கும் பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து, மடிப்பு இல்லாத இடத்தில் இறக்கையின் ஒரு பாதியை அதே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். அதே அட்டையில் 20 செ.மீ. × 20 செ.மீ. சதுரம் ஒன்றையும் வெட்டுங்கள். அது 4 சதுர டெசிமீட்டர். சதுரம் 20 கிராம் நின்றால் ஒரு சதுர டெசிமீட்டர் அட்டை 5 கிராம். பாதி இறக்கை அட்டை 60 கிராம் நின்றால் பரப்பளவு 12, இரு பக்கமும் சேர்த்து 24. பருந்து மாதிரி, வௌவால் மாதிரி இறக்கை செய்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நேர்த்தியான வழி கிடையாது. சூத்திரம் தேட வேண்டாம், தராசு பார்த்துக்கொள்ளும்.

படி 3: வகுங்கள்

806 ÷ 24 = 33.6. நம் விமானத்தின் இறக்கைச் சுமை சதுர டெசிமீட்டருக்கு 33.6 கிராம். அமெரிக்கக் கணக்கில் 11 அவுன்ஸ்.

இது நல்லதா கெட்டதா? ஏறத்தாழ ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை இறக்கை உள்ள விமானங்களுக்கு ஒரு பொதுவான அளவு சொல்கிறேன். கையால் சுழற்றி எறிகிற, மோட்டார் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் லேசான கிளைடர்கள் 10 முதல் 20. மெதுவாக மிதக்கும் விமானங்கள் 15 முதல் 25. பயிற்சி விமானங்கள் 30 முதல் 50. வித்தை காட்டும் வேக விமானங்கள் 50 முதல் 70. போர் விமான மாதிரிகள் 70க்கு மேல். நம்முடையது பயிற்சி விமானத்தின் கீழ் வரம்பில் உட்கார்ந்திருக்கிறது.

இந்த அளவுகளை மனப்பாடம் செய்து எல்லா விமானத்துக்கும் பொருத்தாதீர்கள். விமானம் பெரிதாகும்போது எடை நீளத்தின் மூன்றாம் அடுக்கிலும் இறக்கைப் பரப்பு இரண்டாம் அடுக்கிலும் வளரும். அதனால் பெரிய விமானம் 60 கிராமிலும் சாதுவாகப் பறக்கும், 60 செ.மீ. குட்டி விமானத்துக்கு அதே 60 என்றால் அம்பு மாதிரி போகும். அளவு வேறுபட்ட விமானங்களை ஒப்பிடக் கன இறக்கைச் சுமை என்று ஒன்று உண்டு. பரப்பளவின் வர்க்கமூலத்தால் இறக்கைச் சுமையை இன்னொரு தரம் வகுத்தால் அது கிடைக்கும். 24இன் வர்க்கமூலம் 4.9. 33.6 ÷ 4.9 = 6.9. இந்த எண் 5க்குக் கீழே என்றால் கிளைடர் குணம், 5 முதல் 7 வரை மெதுவாக மிதக்கும் குணம், 7 முதல் 10 வரை பயிற்சி விமானம், 10 முதல் 13 வரை விளையாட்டு விமானம், அதற்கு மேலே அனுபவம் உள்ளவர் கைக்கு. இதில் ஒரு வசதி: கிராம், டெசிமீட்டரில் போட்டாலும் அவுன்ஸ், அடியில் போட்டாலும் கன இறக்கைச் சுமை கிட்டத்தட்ட ஒரே எண்ணாகத்தான் வரும். வெளிநாட்டுக்காரர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: எண்ணை வேகமாக மாற்றுங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் மூன்றாம் படியோடு நின்றுவிடும். அங்கே நின்றால் நம் ஊருக்குப் பயன் பாதிதான். 33.6 என்ற எண் காற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மாற்றினால்தான் வெளியே அடிக்கிற காற்றோடு ஒப்பிட முடியும்.

இறக்கை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் தூக்குவிசை போதாமல் விமானம் விழும். அதுதான் ஸ்டால் வேகம். 35 டிகிரி வெயிலில் சமவெளிக் காற்றின் அடர்த்தியையும், வளைவு வைத்துக் கட்டிய சாதாரண ஃபோம் இறக்கை அதிகபட்சம் தூக்கக்கூடிய அளவையும் வைத்துக் கணக்கிட்டால் இப்படிச் சுருக்கலாம்:

ஸ்டால் வேகம், மணிக்கு கி.மீ. = 4.5 × √ இறக்கைச் சுமை

33.6இன் வர்க்கமூலம் 5.8. அதை 4.5 ஆல் பெருக்கினால் 26. நம் விமானம் மணிக்கு 26 கி.மீ.க்குக் கீழே போனால் காற்றில் நிற்காது. இறக்கை வளைவே இல்லாத தட்டைப் பலகை என்றால் 4.5க்குப் பதில் 5.5 போடுங்கள், 32 வரும். இறக்கையின் மேல் பக்கம் வளைவு வைக்கக் கொஞ்சம் மெனக்கெடச் சொல்வது இதனால்தான். எடை கூட்டாமல், செலவும் இல்லாமல் 6 கி.மீ. வேகம் மிச்சம். வால்பாறை மாதிரி 1000 மீட்டருக்கு மேலே கொண்டுபோய்ப் பறக்கவிட்டால் காற்று லேசாக இருப்பதால் ஸ்டால் வேகம் சுமார் 5 சதவீதம் ஏறும்.

சூத்திரத்தில் வர்க்கமூலம் இருப்பதைக் கவனியுங்கள். எடையை 10 சதவீதம் குறைத்தால் ஸ்டால் வேகம் 5 சதவீதம்தான் குறையும். ஒரு கிராம், இரண்டு கிராமுக்காக சர்வோ திருகை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2200க்குப் பதில் 1500 எம்.ஏ.எச். பேட்டரி போட்டு 55 கிராம் குறைத்தால்கூட ஸ்டால் வேகம் 26லிருந்து 25 ஆகும், அவ்வளவுதான். பறக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இந்தப் பேரத்தைப் புதியவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த 26 நேராகப் பறக்கும்போது மட்டும். உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் இறக்கை 1.4 மடங்கு எடை தாங்க வேண்டும், ஸ்டால் வேகம் 31 ஆகிறது. 60 டிகிரி சாய்த்தால் எடை இரட்டிப்பு, ஸ்டால் வேகம் 37. இறங்குவதற்கு முந்தைய கடைசித் திருப்பத்தில் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) குறைத்து, சாய்த்து, மூக்கைத் தூக்கும் வால் தட்டான எலிவேட்டரை இழுக்கும்போது ஒரு பக்க இறக்கை சரிந்து சுருண்டு விழுவது இப்படித்தான். இறங்க வரும்போது ஸ்டால் வேகத்தைப்போல 1.3 மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு 34.

கையால் எறிந்து விடுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். புதியவர் ஒருவர் நேராக எறிந்தால் சுமார் 25, 30 கி.மீ. வேகம் வரும். ஸ்டால் வேகம் 30ஐத் தாண்டினால் எறிவதை விட்டுவிட்டுச் சக்கரம் போட்டு ஓட்டி ஏற்றுங்கள். எதிர்க்காற்று 10 இருந்தால் அந்த 10 உங்களுக்கு இலவசம். எப்போதும் காற்றை எதிர்த்தே எறியுங்கள்.

படி 5: காற்றோடு ஒப்பிடுங்கள்

காற்றின் வேகத்தைக் கைப்பேசியில் வானிலைச் செயலி காட்டும். ஆனால் அது ஊருக்குச் சொல்வது, உங்கள் காட்டுக்குச் சொல்வதில்லை. கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லலாம். இலைகளும் சின்னக் கொப்புகளும் ஓயாமல் ஆடி, லேசான கொடித்துணி விரிந்து நின்றால் 12 முதல் 19 கி.மீ. புழுதி கிளம்பி, காகிதம் பறந்தால் 20 முதல் 28. இலை அடர்ந்த சின்ன மரங்கள் முழுசாகச் சாய்ந்து ஆடினால் 29 முதல் 38.

நான் புதியவர்களுக்குச் சொல்கிற விதி: காற்று உங்கள் ஸ்டால் வேகத்தில் பாதியைத் தாண்டினால் பெட்டியைத் திறக்காதீர்கள். நம் விமானத்துக்கு 13 கி.மீ. கை பழகியபின் ஸ்டால் வேகத்தின் அளவு வரை போகலாம். அதற்கு மேல் யாராக இருந்தாலும் வேண்டாம்.

இந்த விதிப்படி பார்த்தால் ஆனி, ஆடியில் நம் பக்கம் பகல் நேரத்தில் புதியவருக்கு இடமே இல்லை. விடியற்காலையில் ஓரளவு தணியும்போது ஒரு பேட்டரி தீரும்வரை பறக்கவிடலாம். பங்குனி, சித்திரைக் காலை நேரமும், மழை இடைவெளியில் வரும் ஐப்பசி அமைதியும்தான் கற்றுக்கொள்ள ஏற்ற காலம். சித்திரை நடுப்பகலில் காற்று இல்லாத மாதிரி தெரியும். சூடான தரையிலிருந்து எழும் காற்றுத் தூண்கள் விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும்.

சுமை குறைந்த விமானம் காற்றில் ஏன் அவ்வளவு அலைபடுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கீழிருந்து நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு வருகிறது என்று வையுங்கள். நொடிக்கு 10 மீட்டரில் போகும் மெதுவான விமானத்தின் இறக்கையில் காற்று படும் கோணம் ஒரே அடியில் 11 டிகிரி மாறிவிடும். 15 மீட்டரில் போகிற விமானத்துக்கு 7.6 டிகிரிதான். பதினொரு டிகிரி மாற்றம் என்பது நேராகப் போகிற விமானத்தை ஸ்டால் விளிம்புக்கே தள்ளிவிடப் போதும். தோப்பின் மறைவுப் பக்கம் இன்னும் மோசம். மரம் உடைத்த காற்று மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரைகூடச் சுழன்றுகொண்டிருக்கும். தென்னை 20 மீட்டர் என்றால் 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

இதில் எல்லோரையும் ஏமாற்றும் ஒன்று இருக்கிறது. ஸ்டால் வேகம் என்பது காற்றோடு ஒப்பிட்ட வேகம், தரையோடு ஒப்பிட்டது அல்ல. 40 கி.மீ.யில் பறக்கும் விமானம் 15 கி.மீ. எதிர்க்காற்றில் தரையிலிருந்து பார்க்க 25இல் ஊர்ந்து போவதாகத் தெரியும். திரும்பி காற்றோடு வரும்போது 55இல் பாய்வதாகத் தெரியும். இறக்கைக்கு இரண்டும் ஒரே 40தான். பாய்ச்சலைப் பார்த்துப் பயந்து த்ராட்டிலைக் குறைக்கிறவர்களின் விமானம் கண்முன்னே தொபுக்கென்று விழும், காற்றோடு போகும்போது த்ராட்டிலில் கை வைக்காதீர்கள்.

இறக்கையைப் பெரிதாக்கினால்?

"ஏங்ணா, ரெக்கையக் கொஞ்சம் பெருசு பண்ணிப்போட்டா சுமை கொறைஞ்சு போயிருமல்லங்?" என்று பள்ளிக்கூடப் பையன்கள் கேட்பார்கள். "கொறையும் தம்பி, ஆனா நீ நெனைக்கிற அளவுக்குக் கொறையாது" என்பதுதான் பதில். இறக்கை பெரிதானால் ஃபோமும் பசையும் கூடும்.

நம் விமானத்தில் 24 சதுர டெசிமீட்டருக்கு ஃபோம் வேலை 420 கிராம், அதாவது சதுர டெசிமீட்டருக்கு 17.5. மோட்டார், பேட்டரி மற்றதெல்லாம் மாறாத 386. இறக்கைச் சுமை 30 வேண்டுமென்றால், 30இலிருந்து 17.5ஐக் கழியுங்கள், 12.5. 386ஐ அதனால் வகுத்தால் 30.9. அதாவது 31 சதுர டெசிமீட்டர் இறக்கை வேண்டும், 20 செ.மீ. அகலத்தில் 155 செ.மீ. நீளம். செய்யக்கூடியதுதான். சரி, 25 வேண்டுமென்றால்? 25 − 17.5 = 7.5. 386 ÷ 7.5 = 51.5. இறக்கை இரண்டு மடங்குக்கு மேல்! அந்த அளவுக்கு இந்த மோட்டாரே போதாது. பெரிய மோட்டார், பெரிய பேட்டரி என்று 386 ஏறும், கணக்கு கையைவிட்டு ஓடும். 17.5க்கு இறக்கை எவ்வளவு பெரிதானாலும் போய்ச் சேர முடியாது. இறக்கைச் சுமையைக் குறைக்க வேண்டுமென்றால் சதுர டெசிமீட்டருக்கு 17.5 கிராம் என்ற கட்டுமான எடையில் கை வைக்க வேண்டும்: ஃபோம் போர்டின் உள்பக்கக் காகிதத்தை உரிப்பது, பசையைக் கோடாக இழுக்காமல் புள்ளிகளாக வைப்பது, தேவையில்லாத டேப்பை விடுவது. புது விமானம் திட்டமிடும்போதெல்லாம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அட்டையில் கத்தி வையுங்கள்.

எடை ஏற்றவும் தெரிய வேண்டும்

இறக்கைச் சுமை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிற புதியவர்கள் நம் கணவாயில் கிளைடர் விடும்போது உண்மையைத் தெரிந்துகொள்வார்கள். 2 மீட்டர் நீளம், சராசரி 18 செ.மீ. அகலம், 800 கிராம் எடை உள்ள கிளைடரை எடுத்துக்கொள்வோம். பரப்பளவு 36, இறக்கைச் சுமை 22.2, ஸ்டால் வேகம் 21. மாசி மாதக் காலையில் பட்டுப்போல மிதக்கும். 25 கி.மீ. காற்றில் முன்னேறவே முடியாது.

காற்று உள்ள நாளில் கிளைடர்க்காரர்கள் வேண்டுமென்றே எடை ஏற்றுவார்கள். விமானத்தின் எடை சமனாக நிற்கும் புள்ளியான சி.ஜி. இருக்கும் இடத்திலேயே 250 கிராம் ஈயம் வைத்தால் 1050 கிராம், இறக்கைச் சுமை 29.2, ஸ்டால் வேகம் 24. விமானத்தின் எல்லா வேகங்களும் சுமார் 15 சதவீதம் கூடும். ஒரு மீட்டர் இறங்கும்போது எவ்வளவு தூரம் முன்னே போகும் என்பது ஏறக்குறைய மாறவே மாறாது. அதே சறுக்கல், வேகமாக. எதிர்க்காற்றைக் கிழித்துத் திரும்பி வர இது போதும். உலகப் போட்டி விதிகள்கூட சில கிளைடர் வகைகளுக்கு சதுர டெசிமீட்டருக்கு 12 முதல் 75 கிராம் வரை என்று இவ்வளவு அகலமான எல்லை வைத்திருக்கின்றன.

தூண்டில் ஈயக்குண்டுகளை டேப்பில் சுற்றி வைத்தால் போதும். ஆனால் ஆடாமல் இறுக்கமாக வைக்க வேண்டும்; சி.ஜி.க்கு முன்னேயோ பின்னேயோ நகர்ந்தால் விமானம் கைவிட்டுப் போகும். இறக்கையின் நடு இணைப்பில் கார்பன் குழாய் இல்லாத ஃபோம் விமானத்துக்கு எடை ஏற்றாதீர்கள், திருப்பத்தில் மடங்கும்.

எடை பற்றிய சட்டம், சுருக்கமாக

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நம் விமானம் இரண்டாவதில் வரும். நீங்கள் பறக்கவிடும் இடம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் கணவாயின் கிழக்கு வாசலில்தான் இருக்கின்றன. காட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கடலை விதைத்த காட்டில் விமானம் தேடி மிதித்து நடப்பது அவருக்கு நஷ்டம்.

கணக்கை எங்கே எழுதி வைப்பது

இறக்கையின் அடியில், பேட்டரி மூடிக்குப் பக்கத்தில், மார்க்கர் பேனாவால் நான்கு எண்கள் எழுதுங்கள்: எடை, பரப்பளவு, இறக்கைச் சுமை, ஸ்டால் வேகம். நம் விமானத்தில் 806, 24, 33.6, 26. காட்டில் நின்று காற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய நேரத்தில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம்.

விழுந்து ஒட்டிய ஒவ்வொரு முறையும் திரும்ப எடை போடுங்கள். மூக்கு உடைந்து, உள்ளே குச்சி வைத்து, பசை ஊற்றி, டேப் சுற்றினால் 60 கிராம் சாதாரணமாகக் கூடிவிடும். 866 ÷ 24 = 36.1, ஸ்டால் வேகம் 27. ஒரு கி.மீ. பெரிதில்லை. ஆனால் அந்த 60 கிராம் மூக்கில் ஏறியிருக்கிறது, சி.ஜி. முன்னே போயிருக்கும். பேட்டரியைப் பின்னால் நகர்த்தி சமன் பார்த்து, பழைய எண்களை அடித்துவிட்டுப் புதியதை எழுதிய பிறகு பறக்கவிடுங்கள்.